நெய்க்கு முன்னால் ஒரு வார்த்தை

என் மாமனார் மனிதர்களைப் பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார். இங்கிலீஷ் வார்த்தை சொல்லித்தான் வைத்துக்கொள்வார். பெரம்பலூரில் அவர் குடியிருந்த தெருவுக்குப் பால் ஊற்ற வருகிறவர் பெயர் பார்ஸிமோனியஸ். கஞ்சன் என்பதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்வது. எதிர் வீட்டு அம்மா லொக்வேஷியஸ், வாய் மூடாமல் பேசுகிறவர். ஆபீஸில் அவருக்குக் கீழே இருந்த கிளார்க் ஒருவர் யாரைக் கண்டாலும் குழைந்து கும்பிடுவார். அவர் ஆப்ஸிகுவியஸ். "பார்ஸிமோனியஸ் வந்துட்டான், பாத்திரத்தைக் கொண்டா" என்று காலையில் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். என் மாமியாருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் பாத்திரத்தோடு வாசலுக்குப் போக வேண்டும் என்று தெரியும்.

வார்த்தை சேர்ப்பதற்கு அவர் வைத்திருந்த வழி இதுதான். எழுதி வைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

"எழுதி வச்சா நோட்டுக்குத்தான் தெரியும் மாப்பிள்ளை, நமக்குத் தெரியாது. வார்த்தையைத் தூக்கி ஒரு ஆளு மேல உக்கார வச்சிடணும். அப்புறம் அந்த ஆளைப் பாக்கிறப்பல்லாம் அதுவும் எதுத்தாப்புல வந்து நிக்கும்" என்பார்.

திருச்சியிலிருந்து வருகிற பஸ்ஸில் இங்கிலீஷ் பேப்பர் வரும். வீட்டுக்குப் பேப்பர் போடுகிற பையனை அவர் நம்ப மாட்டார். தானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவார். அதில் ஒரு வார்த்தையைப் பிடித்தால் அன்றைக்கு அதுதான். ஷேவ் செய்யும்போதும் முணுமுணுப்பார், குளிக்கும்போதும் முணுமுணுப்பார். வெற்றிலை போட்டவர் வாய் மாதிரி அது ஓடிக்கொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் ஊரில் யாராவது ஒருவர் மேல் அதை இறக்கி வைத்துவிடுவார். பெரம்பலூரையும் அரியலூரையும் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரிக்கலாமா என்று பேச்சு நடந்த வருஷங்களில் ஒரு மாவட்டத்துக்கே வார்த்தை வைத்தார். வாசிலேட். முடிவுக்கு வராமல் இங்கும் அங்கும் ஆடுவது என்று அர்த்தம்.

ஆபீஸில் அவர் சூப்பிரண்டெண்ட். எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். அவர் எழுதுகிற மெமோவை வாங்கினால், வாங்கினவருக்குத் தான் திட்டப்பட்டோமா பாராட்டப்பட்டோமா என்று புரியாது. குன்னம் பக்கத்து ஊழியர் ஒருவர் ஒரு மெமோவைப் பிரித்துப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய வார்த்தையில் எழுதியிருப்பதால் நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று லட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மாமனார் ஒரு லட்டை எடுத்து நிதானமாகத் தின்று முடித்துவிட்டு, "சோம்பேறின்னு எழுதியிருக்கேன், ஒரு வாரத்துல பதில் குடுங்க" என்றாராம். இதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். லட்டுக்காரர் எப்படித் திரும்பிப் போயிருப்பார் என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

நான் விக்கிரமங்கலத்துக்காரன். தமிழ் மீடியம், பிறகு டிப்ளமா, பிறகு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை. எந்த மிஷின் எந்தச் சத்தம் போட்டால் எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கிலீஷில் ஒருவர் பேச ஆரம்பித்தால் என் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பெண் பார்த்தபோது மாமனார் என்னிடம் இங்கிலீஷில் ஒன்றும் கேட்கவில்லை. வேலை நிரந்தரமா என்று மட்டும் தமிழில் கேட்டார். தப்பித்தோம் என்று நினைத்துத் தாலி கட்டிவிட்டேன்.

தலை தீபாவளிக்குப் பெரம்பலூர் போனேன். மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று உண்டல்லவா, அது எனக்கும் கொஞ்சம் இருந்தது. புது வேட்டி, புதுச் சட்டை, கையில் புது மோதிரம். மத்தியானம் பந்தியில் முதல் இலை எனக்கு. வரிசையாக என் மனைவி வீட்டுப் பெரியவர்கள். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. மருமகனுக்கு மாமனார் தன் கையால் நெய் ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். நெய்க் கிண்ணத்தோடு வந்து என் இலைக்கு முன்னால் நின்றார். ஊற்றவில்லை.

"மாப்பிள்ளை, டாசிட்டர்ன்னா என்னங்க அர்த்தம்?"

நான் பருப்பைப் பார்த்தேன். பக்கத்து இலைக்காரர் கை சோற்றுக்கு மேலே அப்படியே நின்றது. நெய் ஊற்றாமல் யாரும் பிசைய முடியாது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. வாயைத் திறந்தால் ஏதாவது உளறிவிடுவேன் என்று இறுக மூடிக்கொண்டேன்.

"வெரி குட்" என்றார் மாமனார். "வாயத் தொறக்காதவன்னுதான் அர்த்தம். மாப்பிள்ளை செஞ்சே காட்டிட்டாரு."

பந்தி முழுக்கச் சிரித்தது. பிறகு நெய் விழுந்தது. தாராளமாகத்தான் ஊற்றினார், குறை சொல்ல முடியாது. அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு டாசிட்டர்ன் என்று பெயர். "டாசிட்டர்ன் எத்தனை மணி பஸ்ஸுக்கு வர்றாரு?" என்று அவர் கேட்பது வாசல் வரைக்கும் எனக்கே கேட்டிருக்கிறது.

ஒருமுறை பாடாலூரில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அவராகவே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அதிகாரி, இவர் எழுதிய ஃபைலில் ஒரு வார்த்தையைக் காட்டி அர்த்தம் கேட்டிருக்கிறார். இவர் எங்கேயோ பார்த்துக் காப்பி அடித்த வார்த்தை. முழித்திருக்கிறார். பியூன் வரைக்கும் எல்லோரும் இருக்க, அதிகாரி ஃபைலைத் தரையில் போட்டாராம்.

"குனிஞ்சு பொறுக்கினேன் மாப்பிள்ளை. தாள் நாலாப் பக்கமும் பறந்து போச்சு. மேசைக்கு அடியிலல்லாம் பூந்து பொறுக்கினேன்."

அதைச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. குனிந்து பொறுக்கியவருக்குப் பொறுக்குகிறவன் வலி தெரிய வேண்டாமா? கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து இன்னொரு வார்த்தை கேட்டார். அங்கேயும் நான் பருப்பைப் பார்த்தேன்.

பெரம்பலூருக்குப் போக வேண்டும் என்றாலே எனக்கு ஷிப்ட் மாறிவிடும். ஒரு பொங்கலுக்கு வயிற்றுவலி, ஒரு ஆடிக்கு மிஷின் ரிப்பேர். என் மனைவி கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு ஒருமுறை பெரம்பலூர் போயிருந்தபோது, சாப்பிடுவதற்கு முன்னால் கொல்லைப்புறத்தில் நான் கை கழுவ அவள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது, குனிந்தபடியே சொன்னாள்.

"இன்னைக்கு லகுப்ரியஸ். எப்பவும் அழுமூஞ்சியா இருக்கிறதுன்னு அர்த்தம். காலையிலேருந்து அப்பா அதையேதான் மென்னுக்கிட்டிருக்காரு. மனசுல வச்சுக்கங்க."

நெய்க் கிண்ணம் வந்தது. லகுப்ரியஸ் வந்தது. நான் சோற்றைப் பிசைகிற மாதிரி பாவனை செய்துகொண்டே, "அழுமூஞ்சிங்களா மாமா?" என்றேன். அவர் கிண்ணத்தைச் சாய்த்து நெய்யை ஊற்றினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என்னை அவமானப்படுத்துவதுதான் அவருக்குச் சந்தோஷம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது இல்லை. அந்த ஊரில் அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததுதான் அவருக்குச் சந்தோஷம்.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் கொல்லையில் தண்ணீரோடு வார்த்தை வரும். நானும் நடிப்பில் தேறிவிட்டேன். உடனே சொல்ல மாட்டேன். நெற்றியைச் சுருக்குவேன், "எங்கியோ படிச்ச மாதிரி இருக்குங்க மாமா" என்பேன், பிறகு சொல்வேன். டாசிட்டர்ன் என்ற பெயர் மறைந்து போயிற்று. தெருவில் என்னோடு நடந்தால் தோளில் கை போட்டுக்கொள்வார். "நம்ம பெரிய மாப்பிள்ளை சிமெண்டு ஆலையிலதான் இருக்காரு, ஆனா வொக்காபுலரியில நம்மளையே தோக்கடிச்சிடுவாரு" என்று டீக்கடையில் சொல்வார். எனக்குள் கூசும். ஆனால் அந்தக் கை தோளில் இருக்கிற வரை நன்றாகவும் இருக்கும். வார்த்தையை அவள் கேட்டிருப்பாள் சரி, அர்த்தம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை. வருகிறது, வாங்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

என் கொழுந்தியாளைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வந்தார்கள். பையன் கம்ப்யூட்டர் வேலை. பையனின் அப்பா வடக்கே எங்கெங்கோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. கேசரியும் பஜ்ஜியும் வைத்த உடனே என்னைக் கை காட்டினார்.

"எங்க பெரிய மாப்பிள்ளைகிட்ட பாத்துப் பேசுங்க சார். வார்த்தையிலேயே மடக்கிடுவாரு."

கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தேன். பையனின் அப்பா மடக்குகிறவர் இல்லை, மரியாதையானவர். சிமெண்ட் ஆலை என்று கேள்விப்பட்டதும் ஆசையோடு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். அரியலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாமே, சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழியில் கிளிஞ்சல் கிடைக்குமாமே, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அவர் கேட்டது புரிந்தது. எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைதான்.

பார்த்திருக்கிறேன். கல்லாகிப் போன சங்கையும் சிப்பியையும் கையில் எடுத்துத் துடைத்திருக்கிறேன். வீட்டு அலமாரியில் ஒன்று வைத்திருக்கிறேன். தமிழில் கேட்டிருந்தால் அவர் பஸ்ஸைத் தவறவிடுகிற வரை சொல்லியிருப்பேன். "யெஸ்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, மேலே சொல்லுங்கள் என்பதுபோல் பார்த்தார். எப்படிப்பட்ட கிளிஞ்சல், எவ்வளவு ஆழத்தில் என்று கேட்டார்.

"யெஸ்" என்றேன்.

மாமனார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். உதடு லேசாகத் திறந்திருந்தது. எந்தப் பெரிய வார்த்தை வரப்போகிறதோ என்று காத்திருந்தார். அழுமூஞ்சிக்கும் சண்டைக்காரனுக்கும் கஞ்சனுக்கும் எனக்கு இங்கிலீஷ் தெரியும். கடலுக்குத் தெரியும், கல்லுக்குத் தெரியும். அவற்றை ஒன்றோடொன்று கட்டத் தெரியவில்லை. மூன்றாவது யெஸ்ஸும் சொல்லிவிட்டேன்.

அப்போது காபித் தட்டோடு வந்த என் மனைவி, தட்டை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே பதில் சொன்னாள். இங்கிலீஷில். திணறவில்லை, அலட்டவும் இல்லை. கடல் எப்படி உள்ளே வந்து பின்வாங்கியது, சிப்பி எந்த அடுக்கில் கிடக்கும், மழை பெய்து முடிந்த மறுநாள் தேடினால் ஏன் சுலபமாகக் கிடைக்கும் எல்லாம் சொன்னாள். நான் வீட்டில் அவளிடம் தமிழில் சொன்னதுதான் அத்தனையும். ஒரு வரி கூடுதல் இல்லை. முடிவில், "இவங்கதான் சொன்னாங்க" என்று தமிழில் என்னைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. அவள் போன வாசலையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கொல்லைப்புறம், செம்பு, தண்ணீர் எல்லாம் அவருக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியிருக்கும். "காபி ஆறிடப் போகுது, எடுத்துக்குங்க சார்" என்றார் வந்தவர்களிடம். எனக்கும் ஒரு டம்ளரை எடுத்து அவரே நீட்டினார். அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

சம்பந்தம் கூடிவிட்டது, அதில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் குன்னம் தாண்டியதும் மனைவியிடம் கேட்டேன்.

"இவ்வளவு பேசுவியா நீ?"

"அவரு பொண்ணுங்க நான். பேசாம எப்படி இருப்பேன்?"

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"தலை தீபாவளியன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன். அப்புறம் எனக்கு எங்கேருந்துங்க வாய் வரும்?"

நான் சிறுத்துப் போகக் கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் படிப்பை மடித்து வைத்திருந்திருக்கிறாள். அவள் அப்பா முன்னால் நான் பட்ட வெட்கம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இதைத்தான் தாங்க முடியவில்லை.

மாமனார் அதன் பிறகு என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்ததா, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். நல்ல மரியாதை. டாசிட்டர்ன் என்ற பெயரைக்கூட அவர் திரும்ப எடுக்கவில்லை. பந்தியில் கிண்ணத்தோடு வந்து பேசாமல் நெய் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார். அங்கே சென்னைச் சகலை உட்கார்ந்திருப்பார். அவரிடம் வார்த்தை கேட்பார். அவர் டக்கென்று சொல்வார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். கேட்டு அவமானப்படுத்தியபோது சாப்பிட்ட சோறு எனக்குச் செரித்தது. கேட்காமல் ஊற்றிய நெய்தான் தொண்டையில் நின்றது.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையாகவே படிக்க ஆரம்பித்தேன். ஆலை கேண்டீனில் ஒரு இங்கிலீஷ் பேப்பர் கேட்பாரற்றுக் கிடக்கும். அவர் வழியையே பிடித்துக்கொண்டேன். ஷிப்ட் இன்சார்ஜ் ஒரு வார்த்தை, கேண்டீன் மாஸ்டர் ஒரு வார்த்தை, கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி ஒரு வார்த்தை. மனைவியிடமும் வாயைத் திறந்தேன். தப்புத் தப்பாகப் பேசினேன், அவள் சிரிக்காமல் திருத்தினாள். வருஷங்கள் பிடித்தன. ஒரே ஒரு தடவை அவர் என்னிடம் கேட்டால் போதும், கொல்லையில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பதில் சொல்லிவிடுவேன் என்று இருந்தது. அவர் கேட்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு கண் ஆபரேஷன் செய்துகொண்டு, சில வாரம் அரியலூரில் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். கறுப்புக் கண்ணாடி. பேப்பர் பார்க்கக் கூடாது. முணுமுணுக்க ஒன்றும் இல்லாமல் உதட்டை மூடிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன், சட்டையைக்கூட மாற்றாமல் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, ஒரு வார்த்தை கேக்கட்டுங்களா?"

கண்ணாடி என் பக்கம் திரும்பியது. "கேளுங்க மாப்பிள்ளை."

"பெரிப்பட்டெட்டிக்."

தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தார். நான் காத்திருந்தேன். பெரம்பலூரில் கிண்ணத்தோடு நிற்கும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"தெரியலீங்களே மாப்பிள்ளை. நீங்க சொல்லுங்க."

"ஒரு எடத்துல நிக்காம ஊர் ஊரா சுத்திக்கிட்டே இருக்கிறவங்கன்னு அர்த்தம் மாமா."

"அப்படிங்களா. நல்ல வார்த்தைங்க. எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க" என்றார்.

எனக்குக் கால் தரையில் இல்லை. நேரே அடுப்படிக்குப் போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம், "உங்கப்பாவுக்கே ஒரு வார்த்தை தெரியலே" என்று வார்த்தையைச் சொன்னேன். அவள் நிமிராமலே சிரித்தாள்.

"பெரிப்பட்டெட்டிக்கா? அது எங்க பெரியப்பாவாச்சே. கோயில் கோயிலா போயிக்கிட்டே இருப்பாருல்ல. நான் சின்னப் புள்ளையா இருக்கிறப்பவே அப்பா அவருக்கு வச்ச..."

அவ்வளவில் நிறுத்திவிட்டாள். கையில் வெங்காயத்தோடு என்னைப் பார்த்தாள். ஹாலில் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. நான் அங்கே போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்வது? குழாயைத் திறந்து கை கழுவினேன், முகம் கழுவினேன், மறுபடி கை கழுவினேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் பட்ட வெட்கத்தை எல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குப் பட்டதற்குக் கிட்டே வராது.

மறுநாள் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்டார்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்களா மாப்பிள்ளை?"

இருந்தது. கேட்டேன். தெரியவில்லை என்றார். அர்த்தத்தைச் சொன்னேன். கண் சரியாகிப் பெரம்பலூர் போய், மறுபடி பஸ் ஸ்டாண்டில் பேப்பர் வாங்கி முணுமுணுக்க ஆரம்பித்த பிறகும், நான் போகிற போதெல்லாம் எனக்காகக் காத்திருப்பார். நான் ஒன்று கேட்பேன். அவர் யோசிப்பார், நெற்றியைச் சுருக்குவார், எங்கியோ படிச்ச மாதிரி இருக்குங்க என்பார். கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கேட்டேன், தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார். நான் கேட்ட வார்த்தைகளில் ஒன்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.